ஸ்லோவேனியாவுல டென்ட் போட்டு ஊர் சுத்தறது எப்படி? முதல் தடவை போறவங்களுக்கு

ஐரோப்பாவுல கேம்பிங்னு சொன்னா எல்லாரும் சுவிஸ், நார்வேன்னு ஆரம்பிப்பாங்க, ரெண்டும் நல்ல நாடுதான், ஆனா பர்ஸ் தாங்காது, நார்வேன்னா தூரமும் ஜாஸ்தி. நான் மியூனிக்ல இருக்கேன், குடும்பத்தோட மூணு கோடை லீவுக்கு ஸ்லோவேனியாதான் போனோம், டென்ட்டும் ஸ்டவ்வும் தூக்கிட்டு. மொத்த நாடே சுமாரா 20,270 சதுர கிலோமீட்டர்தான், அதாவது கேரளாவுல பாதிய விட கொஞ்சம் கூட. அந்த பாதி கேரளாவுக்குள்ள ஆல்ப்ஸ் மலை இருக்கு, பச்சைக் கண்ணாடி கலர்ல ஓடற ஆறு இருக்கு, பூமிக்கு அடில ஆறு ஓடற சுண்ணாம்புக்கல் நாடு இருக்கு, 47 கிலோமீட்டர் நீளத்துல ஒரு குட்டி கடற்கரை இருக்கு, கிழக்கால ஹங்கேரி பக்கம் போனா சோளக்காடும் நாரைக்கூடுமா தட்டையான சமவெளி. காலைல மலைல கிளம்பினா மத்தியானம் கடல்ல குளிக்கலாம்.

அதுலதான் ஆபத்தும் இருக்கு. எல்லாம் பக்கம் பக்கம்தானேன்னு தினம் ஒரு ஊர்னு ப்ளான் போட்டுடுவோம். நாங்க முதல் வருஷம் அப்படித்தான் பண்ணோம், 9 நாள்ல 7 கேம்ப். தினமும் டென்ட்ட பிரி, மடி, கார்ல அடை, போ, இறக்கு, போடு. நாலாவது நாள் நானும் வீட்டுக்காரியும் பேசிக்கறதையே நிறுத்திட்டோம். அதனால இந்த கட்டுரைல நான் சொல்லப்போற முக்கியமான விஷயம் ஒண்ணுதான்: மூணே மூணு இடத்துல டென்ட் போடுங்க. மலைல ஒண்ணு, சோச்சா ஆத்தங்கரைல ஒண்ணு, கார்ஸ்ட்ங்கற அந்த சுண்ணாம்புக்கல் பகுதிலயோ கடல்பக்கமோ ஒண்ணு. மூணு இடத்துலயும் தரை வேற, தண்ணி வேற, காத்து வேற, அதுக்கேத்த மாதிரி கொண்டுபோற சாமானும் மாறும். அத ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல தேதி

ஜூன் கடைசி, இல்ல செப்டம்பர் முதல் ரெண்டு வாரம். பசங்க ஸ்கூல் லீவுன்னா ஜூலை, ஆகஸ்ட் தவிர வழி இல்ல, அப்போ ரெண்டு மூணு மாசம் முன்னாடியே புக் பண்ணிடுங்க. சில கேம்ப்ல சின்ன டென்ட்டுக்கு முன்பதிவே எடுக்க மாட்டாங்க, வர்றவங்களுக்கு வரிசைப்படி இடம், அந்த மாதிரி இடத்துக்கு காலைல 10, 11 மணிக்குள்ள போய் நிக்கணும், ஏன்னா முந்தின ராத்திரி தங்கினவங்க கிளம்பற நேரம் அதுதான். அக்டோபர்ல நிறைய கேம்ப் மூடிருவாங்க.

இந்தியா, இலங்கைலேர்ந்து வர்றவங்களுக்கு ஷெங்கன் விசா வேணும், தங்கற இடத்துக்கு ஆதாரம் கேப்பாங்க, குறைஞ்சது 30,000 யூரோ கவர் பண்ற டிராவல் இன்ஷூரன்ஸ் கேப்பாங்க. அதனால போய் பாத்துக்கலாம்ங்கற வரிசை முறை உங்களுக்கு ஒத்து வராது, முழுக்க புக் பண்ணி கன்ஃபர்மேஷன் மெயில் கைல வச்சிருக்கற கேம்ப்பா பாருங்க. நாணயம் யூரோதான், 2007லேர்ந்து.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். கண்ட இடத்துல டென்ட் போடறது ஸ்லோவேனியாவுல சட்டப்படி தப்பு. நார்வேல போடலாம்னு வீடியோல பாத்துட்டு இங்க வந்து ஆத்தங்கரைல போட்டா அபராதம்தான். த்ரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள்ள கார்லயோ வேன்லயோ படுத்துத் தூங்கறதும் கூடாது, ராத்திரி ரோந்து வருவாங்க. கேம்ப்புக்குள்ளதான் தங்கணும்.

கார், ரோடு, விக்னெட்

பஸ், ரயில்ல ப்ளேட், பொஹின்னு ரெண்டு ஏரிப்பக்கம் வரைக்கும் போகலாம், ஆனா டென்ட், பாய், ஸ்டவ் எல்லாம் தூக்கிட்டு மூணு இடம் மாறணும்னா கார் வேணும். இந்திய லைசென்ஸ் வச்சிருக்கவங்க கூடவே இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துட்டு வாங்க. வாடகைக் கார் எடுக்கும்போது இத்தாலிக்கோ குரோஷியாவுக்கோ தாண்டப்போறீங்கன்னா அப்பவே சொல்லிடுங்க, எல்லை ரொம்ப பக்கம், ரோடு சுத்திப் போறப்ப உங்களுக்கே தெரியாம இத்தாலிக்குள்ள போய் வந்துருவீங்க.

மோட்டார்வேல போக விக்னெட், அதாவது ரோட்டுக் கட்டண பாஸ் வேணும். 2022லேர்ந்து ஸ்டிக்கர் எல்லாம் கிடையாது, ஆன்லைன்ல கார் நம்பர் போட்டு வாங்கறதுதான், சாதாரண காருக்கு ஒரு வாரத்துக்கு 16 யூரோ பக்கம் வரும். நம்பர டைப் பண்ணிட்டு ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை சரிபாருங்க, ஏன்னா கேமரா பாக்கறது நம்பரத்தான், ஒரு எழுத்து மாறினாலும் நீங்க விக்னெட் இல்லாத ஆள், அபராதம் 300 யூரோலேர்ந்து ஆரம்பம். பட்டப்பகல்லயும் ஹெட்லைட் போட்டுட்டுதான் ஓட்டணும், அதுவும் சட்டம்.

ஜெர்மனிலேர்ந்து வர்றவங்களுக்கு: ஆஸ்திரியா விக்னெட் தனி, டவ்வர்ன் டனல் பக்கம் தனி டோல், எல்லைல 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு கராவாங்கன் டனல், அதுக்கும் தனி டோல். ஆக ஒரு பயணத்துக்கு நாலு தடவை காசு. ட்ராஃபிக் இல்லன்னா மியூனிக்லேர்ந்து ப்ளேட்டுக்கு கிட்டத்தட்ட 4 மணி நேரம், ஆகஸ்ட் சனிக்கிழமைன்னா அந்த டனல் வாசல்லயே ஒரு படம் பாத்து முடிச்சிரலாம். வெள்ளிக்கிழமை விடிய முன்னாடி கிளம்பிடுங்க, இல்ல செவ்வாய், புதன்ல போங்க.

சாமான்: எதுல காசு போடணும், எதுல வேணாம்

புதுசா போறவங்க டென்ட்டுக்கு நிறைய செலவு பண்ணிட்டு கீழ விரிக்கற பாய்ல மிச்சம் புடிப்பாங்க. தப்பு. குளிர் மேலேர்ந்து வர்றத விட கீழேர்ந்துதான் ஜாஸ்தி வருது. நல்ல மேட்டுக்கு ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, ஆகஸ்ட்ல மலைல படுக்கறதுக்கு 3க்கு மேல இருந்தா போதும். காத்தடிக்கற வெறும் பீச் மெத்தை வேணவே வேணாம், உள்ள இருக்கற காத்தே ராத்திரி ஜில்லுன்னு ஆகி முதுகு விறைச்சிரும். ஸ்லீப்பிங் பேக்ல ரெண்டு மூணு டெம்பரேச்சர் போட்டிருக்கும், அதுல கம்ஃபர்ட்னு இருக்கறத மட்டும் பாருங்க, லிமிட்னு போட்டிருக்கறது நம்ம ஊர் உடம்புக்கு இல்ல. பகல்ல 28 டிகிரி இருக்கற பொஹின்ல ராத்திரி 10க்கு இறங்கும், மேகம் இல்லன்னா அதுக்கும் கீழ.

டென்ட் சுமாரான விலைல இருந்தாலும் பரவால்ல, ஆனா வீட்டுப் பக்கத்துல பார்க்லயோ மொட்டை மாடிலயோ ஒரு தடவை முழுசா போட்டு பாத்துட்டு, ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி தையல் வழியா ஒழுகுதான்னு பாத்துட்டு வாங்க. கடைல காமிச்ச வீடியோல 5 நிமிஷம், முதல் தடவை நமக்கு 1 மணி நேரம்.

அப்புறம் ஆணி. டென்ட்டோட வர்ற அந்த மெல்லிசு அலுமினியக் கம்பி ஆணிய நம்பி ஸ்லோவேனியா வராதீங்க, ஏன்னு கீழ சொல்றேன். 10, 12 தடி இரும்பு ஆணியும் ஒரு ரப்பர் சுத்தியலும் தனியா வாங்குங்க.

கேஸ் சிலிண்டர் ஃப்ளைட்ல எதுலயும் கொண்டுபோக முடியாது, செக்இன் பேக்லயும் கூடாது. ஸ்டவ் மட்டும் கழுவித் துடைச்சு, கேஸ் வாசனை இல்லாம கொண்டு வாங்க, சிலிண்டர் இங்க வாங்கிக்கலாம். வாங்கும்போது உங்க ஸ்டவ் மரை திருகற டைப்பா, அழுத்தி மாட்டற டைப்பான்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது, தப்பானத வாங்கிட்டு ராத்திரி பிரட்டும் ஜாமும் சாப்பிட்டவங்கள நான் பாத்திருக்கேன் (கண்ணாடில).

கரன்ட் வேணும்னா கேம்ப்ல நீல கலர்ல மூணு பின் வச்ச தடி சாக்கெட் இருக்கும், சாதாரண ப்ளக் அதுல போகாது, அதுக்கு அடாப்டரும் 20 மீட்டர் வயரும் வேணும். சில ரிசப்ஷன்ல வாடகைக்கு குடுப்பாங்க. எலெக்ட்ரிக் குக்கர் மாட்டலாம்னு நினைக்கறவங்க அங்க எத்தன ஆம்பியர்னு கேட்டுட்டு மாட்டுங்க, 6 ஆம்பியர் லைன்ல குக்கரும் கெட்டிலும் ஒண்ணா போட்டா ஃபியூஸ் போயி பக்கத்து டச்சுக்காரர் ஃப்ரிட்ஜும் நிக்கும்.

கேம்ப்புக்குள்ள நுழைஞ்சதும்

ரிசப்ஷன்ல எல்லாரோட பாஸ்போர்ட்டும் கேப்பாங்க, சட்டப்படி பதிவு பண்ணணும். காசு ஆள் கணக்கு, அது மேல டூரிஸ்ட் டாக்ஸ், கரன்ட், நாய் எல்லாம் தனி. ஆகஸ்ட்ல ஏரிப்பக்கம் ஒரு ஆளுக்கு 15லேர்ந்து 25 யூரோக்குள்ள எதிர்பாருங்க. ஆக, ஓசின்னு நினைக்காதீங்க, ஆனா அதே ஏரி பக்கத்துல ஹோட்டல் ரூம் என்ன விலைன்னு பாத்தா ஆறுதலா இருக்கும்.

இடம் பிடிக்கும்போது வியூவப் பாக்காதீங்க, தரையப் பாருங்க. முதல் வருஷம் நான் பள்ளமா, மெத்துனு புல் இருக்கற இடமா பாத்துப் போட்டேன், என் மகள் "அப்பா, சூப்பர் சாஃப்ட்"னு குதிச்சா. ராத்திரி 2 மணிக்கு இடி, அப்புறம் மழை, அரை மணி நேரத்துல என் கைய மேட்டுக்கு அந்தப் பக்கம் வச்சா டென்ட்டோட அடித்துணி வாட்டர் பெட் மாதிரி தளும்புது. அந்த புல்லு ஏன் மெத்துனு இருந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது, அங்கதான் தண்ணி வந்து நிக்கும். விடியற வரைக்கும் மூணு பேரும் கார்ல உக்காந்திருந்தோம். மேடா, லேசா சரிவா இருக்கற இடம், தலை மேட்டுப்பக்கம். பட்ட கிளை தொங்கற மரத்தடி வேணாம். பாத்ரூம் பக்கத்துல வேணவே வேணாம், ராத்திரி பூரா கதவு சத்தம்.

ராத்திரி 10 இல்ல 11 மணிக்கு மேல சத்தம் போடக்கூடாது, கார கூட உள்ள எடுக்க விட மாட்டாங்க. இதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட். தீ மூட்டி சுத்தி உக்காந்து பாட்டுப் பாடலாம்ங்கற கனவையும் வீட்லயே விட்டுட்டு வாங்க, பெரும்பாலான கேம்ப்ல தரைல தீ போடக் கூடாது. குழாய்த் தண்ணி அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்காதீங்க.

முதல் டென்ட்: பொஹின், 4 ராத்திரி

எல்லாரும் ப்ளேட் போவாங்க, நடு ஏரில தீவு, தீவுல சர்ச், மேல கோட்டை, அந்த ஃபோட்டோ பாக்காதவங்க இருக்க மாட்டாங்க. போங்க, ஏரியச் சுத்தி 6 கிலோமீட்டர் நடங்க, க்ரெம்ஷ்னிட்டான்னு ஒரு கஸ்டர்ட் கேக் சாப்பிடுங்க, ஆனா அரை நாளுக்கு மேல வேணாம், அங்க தங்கவும் வேணாம், இது என் சொந்த அபிப்ராயம். அங்கேர்ந்து 25, 30 கிலோமீட்டர் உள்ள போனா பொஹின் ஏரி, நாட்டோட பெரிய நிரந்தர ஏரி, 4 கிலோமீட்டருக்கு மேல நீளம், கரைல கடையோ கூட்டமோ அவ்வளவா இல்ல, மூணு பக்கம் மலைச்சுவர். டென்ட்ட இங்க போடுங்க.

ஏரியோட மேற்குக் கோடில காட்டுக்குள்ள போடற இடத்துல தரை எல்லாம் மரவேர். ஆணி ரெண்டு அங்குலம் இறங்கும், வேர்ல முட்டி நிக்கும். அங்க சுத்தியலால ஓங்கி அடிக்காதீங்க, உருவி அரை அடி தள்ளி வைங்க, கயிறு நீளமா இருந்தா எங்க வேணா கட்டலாம்.

காலைல 7 மணிக்கு ஏரி மேல பனி புகை மாதிரி நகரும், அந்த நேரத்துல தண்ணில மலை தலைகீழா அப்படியே தெரியும், 9 மணிக்கு காத்து வந்ததும் கலைஞ்சிரும். சவிட்சா அருவிக்கு 500க்கு மேல படிக்கட்டு, உயரம் 78 மீட்டர், பாறை நடுவுலேர்ந்து தண்ணி பாயும். வோகெல் கேபிள் கார் 1535 மீட்டருக்கு கொண்டு விடும், மேலேர்ந்து எதிர்ல 2864 மீட்டர் த்ரிக்லாவ், இந்த நாட்டுக் கொடிலயே இருக்கற மலை, தெரியும், வானம் தெளிவா இருந்தா. அந்த "இருந்தா" முக்கியம். பொஹின் மழைக்குப் பேர் போன இடம். மலைநடை எல்லாம் காலைல முடிச்சிட்டு மத்தியானம் 2 மணிக்குள்ள இறங்கிடுங்க, கோடைல இடி மழை சாயங்காலம்தான் கட்டும்.

இங்கயே உண்ணி விஷயம் சொல்லிடறேன். புல்லு, புதர்ல இருக்கற சின்ன உண்ணி, இங்க மூளைக்காய்ச்சல் பரப்பற வகை ஜாஸ்தி, ஐரோப்பாவுலயே இந்த நோய் அதிகமா இருக்கற நாடுகள்ல இதுவும் ஒண்ணு. தடுப்பூசி இருக்கு, பல டோஸ், மாசக்கணக்குல இடைவெளி விட்டுப் போடணும், அதனால ஐரோப்பாவுல இருக்கறவங்க குளிர்காலத்துலயே டாக்டரக் கேளுங்க. தினம் ராத்திரி குளிக்கும்போது முழங்கால் பின்பக்கம், அக்குள், இடுப்பு, காது பின்னாடி, பசங்களுக்கு தலைமுடிக்குள்ள பாருங்க. கருப்பு எள்ளு மாதிரி இருக்கும், தட்டினா விழாது. எண்ணெய் ஊத்தாதீங்க, நெருப்பு காட்டாதீங்க, கூர் முனை இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா மெதுவா இழுங்க. அப்புறம் அந்த இடம் சுத்தி வட்டமா செவப்பு படருதா, காய்ச்சல் வருதான்னு சில வாரம் கவனிங்க, வந்தா உடனே டாக்டர். அவசரத்துக்கு எல்லாத்துக்கும் 112.

ஞாயித்துக்கிழமை

இதுக்கு தனியா ஒரு தலைப்பு போடலாம், அவ்வளவு பட்டிருக்கோம். 2020 கடைசில வந்த சட்டப்படி ஞாயித்துக்கிழமை பெரும்பாலான சூப்பர்மார்க்கெட் மூடல். லீவு நாள்லயும் மூடல், ஆகஸ்ட் 15 அங்க மாதா பண்டிகை, லீவு. பெட்ரோல் பங்க்ல பால், பிரட் கிடைக்கும், அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள மெர்காட்டோர், ஹோஃபர், லிடில் எங்கயாவது புகுந்து ரெண்டு நாளுக்கு வாங்கிடுங்க.

சமையலுக்கு: முதல் ராத்திரிக்கு வீட்லேர்ந்தே புளிசாதம் கட்டிட்டு வாங்க, டென்ட் போட்டு முடிக்கும்போது சமைக்க தெம்பு இருக்காது. பருப்புப்பொடி, ரசப்பொடி, கொஞ்சம் பெருங்காயம், 3 லிட்டர் குக்கர் இருந்தா போதும். கேம்பிங் ஸ்டவ் மேல குக்கர் வைக்கறதுக்கு முன்னாடி ஸ்டவ் அகலமா, கீழ உக்கார்ந்தாப்ல இருக்கான்னு பாருங்க, சிலிண்டர் தலைமேல மாட்டற ஒல்லி ஸ்டவ்ல குக்கர் ஆடும், கவிழும். சமையல் எப்பவும் வெளியதான், மழை வந்தாலும் டென்ட்டுக்குள்ள ஸ்டவ் பத்த வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. முதல் விசில் வந்தப்ப பக்கத்து டென்ட்லேர்ந்து ஒருத்தர் ஓடி வந்து என்ன வெடிக்கப்போகுதுன்னு கேட்டார், ரசம் குடிச்சுட்டுப் போனார்.

வெளில சாப்பிடறதுன்னா ஷ்ட்ருக்லி, மாவுக்குள்ள பாலாடைக்கட்டி வச்சு உருட்டி வேக வச்சது, சைவம். யோட்டான்னு பீன்ஸ், புளிச்ச முட்டைக்கோஸ் போட்ட சூப், பாக்க சைவம் மாதிரி இருக்கும், உள்ள பன்றிக்கறி இருக்கலாம், கேட்டுட்டு சாப்பிடுங்க.

ரெண்டாவது டென்ட்: சோச்சா பள்ளத்தாக்கு, 3 ராத்திரி

பொஹின்லேர்ந்து சோச்சாவுக்கு மலையத் தாண்டணும். ரெண்டு வழி. ஒண்ணு, பொஹின்ஸ்கா பிஸ்த்ரிட்சா ஸ்டேஷன்ல கார ரயில் மேல ஏத்திட்டு, கார்லயே உக்காந்துட்டு, 1906ல திறந்த 6 கிலோமீட்டருக்கு மேல நீளமான டனல் வழியா மோஸ்ட் நா சோச்சிக்கு போறது. பசங்க இருந்தா இத விடாதீங்க. ரயில் பாதைல அடிக்கடி வேலை நடக்கும், அன்னிக்கு ஓடுதான்னு பாத்துட்டு போங்க.

இன்னொண்ணு வ்ர்ஷிச் கணவாய், 1611 மீட்டர், 50 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் நம்பரும் உயரமும் எழுதின போர்டு. க்ரான்ஸ்கா கோரா பக்கம் ஏறும்போது வளைவுகள்ல கல் பாவியிருக்கும், மழைல வழுக்கும், ரெண்டாவது கியர்லயே போங்க. இந்த ரோட்ட முதல் உலகப்போர் சமயத்துல ரஷ்யப் போர்க்கைதிகள வச்சுப் போட்டாங்க, 1916 மார்ச்ல பனிச்சரிவுல அவங்கள்ல நிறைய பேர் செத்துட்டாங்க, எட்டாவது வளைவு பக்கம் அவங்க நினைவா மரத்துல கட்டின சின்ன சர்ச் இருக்கு. அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. காலை 8 மணிக்குள்ள ஏறிடணும், அப்புறம் சைக்கிள், பைக், வேன்னு நகராது. கேரவன் இழுத்துட்டு வர்றவங்க இந்தப் பக்கமே வராதீங்க, இத்தாலில தார்விசியோ வழியா ப்ரெடெல் கணவாய்ல வாங்க.

அந்தப் பக்கம் இறங்கினதும் சோச்சா. கலர பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நேர்ல பாத்தாலும் நம்ப முடியல, பாத்திரம் தேய்க்கற லிக்விட ஊத்தின மாதிரி ஒரு பச்சை நீலம், அடில ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரியும். ஆழம் முட்டி அளவுன்னு கண்ணு சொல்லும், இடுப்பளவு இருக்கும். ஆகஸ்ட்லயும் ஐஸ் தண்ணி. கால வச்சா முதல்ல சில்லுன்னு, அப்புறம் எலும்பு வலி, அப்புறம் உணர்ச்சியே இல்ல. மகளுக்கு நீச்சல் தெரியும், இருந்தாலும் ஓட்டத்துல இறங்க விடல, தேங்கி நிக்கற ஓரத்துலதான்.

இங்கதான் இரும்பு ஆணி. ஆத்தங்கரை கேம்ப் தரை மேல பாக்க புல்லு, ஒரு விரக்கடைக்கு கீழ பூரா ஆத்துக் கல்லு. முதல் வருஷம் 14 அலுமினிய ஆணில 9 கேள்விக்குறி மாதிரி வளைஞ்சுது. தடி ஆணிய சாய்வா வச்சு சின்ன சின்ன அடியா அடிங்க, டங்குனு சத்தம் வந்தா கல்லு, ரெண்டு விரல் தள்ளி வைங்க, மொத்துனு சத்தம் மாறினா இறங்குதுன்னு அர்த்தம். எதுவுமே இறங்கலன்னா கயித்த ஒரு பெரிய கல்லுல சுத்தி, அது மேல இன்னொரு கல்லு. உருவும்போது ஒரு ஆணியோட தலை ஓட்டைல இன்னொரு ஆணிய மாட்டித் தூக்குங்க.

போவெட்ஸ்ல ராஃப்டிங், கோபரிட்ல கோஸ்யாக் அருவி, 15 மீட்டர்தான் உயரம், ஆனா குகை மாதிரி இருட்டு அறைக்குள்ள வெள்ளையா விழும், நடந்து போய் சேரும்போது அந்த அருவிய விட அந்த அறைதான் மனசுல நிக்கும். வழில ஊசி ஊசியா மலை விளிம்புல அகழிகள் பாப்பீங்க, 1915லேர்ந்து 1917 வரைக்கும் இந்த ஆத்தோரம் இத்தாலிக்கும் ஆஸ்திரியா ஹங்கேரிக்கும் 12 சண்டை நடந்துச்சு, கோபரிட் மியூசியத்துல அந்த கதை இருக்கு, மழை நாளுக்கு வச்சுக்கோங்க. சொந்தமா ரப்பர் படகோ கயாக்கோ வச்சிருந்தா ஆத்துல இறக்க அனுமதிச் சீட்டு வாங்கணும், இறங்கற இடம், ஏறற இடம் குறிச்சிருப்பாங்க. மீன் பிடிக்கவும் சீட்டு.

மூணாவது டென்ட்: கார்ஸ்டும் கடலும், 3 ராத்திரி

தெற்க வந்தா காட்சி மாறிடும், வெயில், திராட்சைத் தோட்டம், கல் வீடு, செம்மண். உலகம் பூரா சுண்ணாம்புக்கல் பூமிக்கு கார்ஸ்ட்னு சொல்றோமே, அந்த வார்த்தையே இந்த க்ராஸ் பகுதியோட பேர்லேர்ந்து வந்ததுதான். மழைத்தண்ணி கல்லைக் கரைச்சு கரைச்சு பூமி உள்ள பொந்து பொந்தா போயிருக்கு. மேல ஆறே இருக்காது, எல்லாம் அடில.

போஸ்டோய்னா குகையா ஷ்கோட்சியான் குகையான்னு கேப்பீங்க. போஸ்டோய்னால குட்டி ரயில்ல உக்கார வச்சு கூட்டிட்டுப் போவாங்க, புரோட்டியஸ்னு கண்ணு தெரியாத, வெளிறின குகைப் பிராணி பாக்கலாம், வயசானவங்க, சின்னப் பசங்களுக்கு அதுதான் சௌகரியம். ஒண்ணுதான் பாக்க நேரம்னா நான் ஷ்கோட்சியான்தான் சொல்லுவேன். 1986லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. முதல்ல அமைதியான குகை, சொட்டு சொட்டா தண்ணி, அப்புறம் தூரத்துல ஒரு இரைச்சல், திரும்பினா பாதாளத்துல ரேக்கா ஆறு ஓடுது, அதுக்கு கிட்டத்தட்ட 45 மீட்டர் மேல ஒரு பாலம், அதுல நடக்கணும், எதிர்ச்சுவர்ல விளக்கு வரிசையா எறும்பு மாதிரி மனுஷங்க. மகள் என் சட்டைய விடவே இல்ல. ஃபோட்டோ எடுக்கக் கூடாது, அது நல்லதுதான், எல்லாரும் நிஜமா பாக்கறாங்க. உள்ள வருஷம் பூரா 12 டிகிரி, வெளில 33 இருந்தாலும் ஜாக்கெட் எடுத்துட்டுப் போங்க. படி நிறைய, ஸ்ட்ரோலர் முடியாது.

கடல் பக்கம் மணல் பீச் எதிர்பாக்காதீங்க, கூழாங்கல், சிமென்ட் மேடை, ஏணி பிடிச்சு கடல்ல இறங்கறதுதான். பிரான் பழைய வெனிஸ் காலத்து ஊர், கார ஊருக்கு வெளில பார்க்கிங்ல விட்டுட்டு நடங்க. செச்சோவ்ல்யே உப்பளத்துக்கு ஒரு காலை நேரம் ஒதுக்குங்க. அங்க பாத்தியோட தரைல பெட்டோலான்னு ஒரு மெல்லிய படலத்த வளத்து வச்சிருக்காங்க, நுண்ணுயிரும் களிமண்ணும் ஜிப்சமும் சேர்ந்தது, அது இருக்கறதாலதான் உப்பு சேத்தோட கலக்காம வெள்ளையா வருது, மரப்பலகையால கைலயே வாருவாங்க. உப்பளம் பாத்து வளந்த நம்மாளுங்களுக்கு அந்த பலகை ஓசை பழகினதா இருக்கும்.

இங்க டென்ட்டுக்கு எதிரி மழை இல்ல, காத்து. போரான்னு பேர், இங்க புர்யான்னு சொல்வாங்க, வடகிழக்குலேர்ந்து மலை இறங்கி கடல் பாத்து அடிக்கற காத்து, குளிர்காலத்துலதான் உக்கிரம், லாரியே கவிழும். கோடைல அப்பப்ப ஒரு குட்டி தம்பி வருவான், அவனே போதும். டென்ட்டோட ஒடுங்கின பக்கத்த வடகிழக்குக்கு காட்டிப் போடுங்க, எல்லா கயித்தயும் கட்டுங்க, வெளில போகும்போது முன்னாடி நீட்டிக்கிற நிழல்துணிய இறக்கிட்டுப் போங்க. நாங்க இறக்காம போய், திரும்பி வந்தப்ப அது ரெண்டு வரிசை தள்ளி ஒரு ஆலிவ் மரத்துல தொங்கிட்டிருந்துச்சு.

நாள் மிச்சம் இருந்தா கிழக்கால ப்ரெக்முர்யே, தட்டை நிலம், சைக்கிள், வெந்நீர் ஊத்து பக்கத்துலயே கேம்ப், பூசணி விதை எண்ணெய், கிபனிட்சான்னு அடுக்கு அடுக்கா கசகசா, பாலாடைக்கட்டி, வால்நட், ஆப்பிள் வச்ச கேக். கூட்டமே இருக்காது. பத்து நாள்ல இதையும் திணிக்க வேணாம், அடுத்த தடவைக்கு வைங்க.

கிளம்பற அன்னிக்கு

காலைல டென்ட் மேல பனி ஈரம் நிச்சயம் இருக்கும். 11 மணிக்குள்ள காலி பண்ணச் சொல்வாங்க, வெயில் படற பக்கமா திருப்பிப் போட்டுட்டு மத்தத அடுக்குங்க, குப்பை பிரிச்சு போடற டப்பா கலர் கலரா இருக்கும், பேப்பர், கண்ணாடி, ப்ளாஸ்டிக் தனித்தனியா. ஈரத்தோட சுருட்டற மாதிரி ஆச்சுன்னா வீட்டுக்குப் போன அன்னிக்கு ராத்திரியே பால்கனிலயோ ஹால்லயோ விரிச்சுருங்க, மூணு நாள் டிக்கில கிடந்தா பூஞ்சை புடிச்சு கருப்பு புள்ளி வரும், அப்புறம் எது போட்டாலும் போகாது. ஆணிய கழுவிக் காய வச்சு பைல போடுங்க, அந்த செம்மண் ஒட்டினபடியே வச்சா அடுத்த ஜூன்ல எடுக்கும்போது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு துருப்பிடிச்சு ஒரே கட்டா வரும்.